கூடுதலாக ஒரு வாஷர்

தொழிற்சாலையில் எனக்கு 'இன்னொருதடவை' என்று பட்டப்பெயர். குளிர்பானத்தில் ஏற்றுகிற கரியமில வாயு சிலிண்டர்களை மாட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மேற்பார்வை பார்க்கிறேன். யார் மாட்டினாலும் பின்னாலேயே போய் நின்று, "இன்னொரு தடவை பாரு" என்பேன். நான் நகர்ந்ததும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கீழ்த்தள அறை ஒன்றில் அந்த வாயு தேங்கியிருப்பது தெரியாமல் இறங்கியவள் நான். மூச்சு வாங்க, நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க, என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாகக் கிடக்கும். அன்றிலிருந்து எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது.

அந்தச் சனியனைத்தான் என் தம்பி ஒருநாள் தன் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்றான்.

தம்பி கட்டட வரைபடம் வரைகிறவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் வரைந்த மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட நான்கு விரல் உயரமாக வந்துவிட்டது. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். யாரும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, அவனை வேலையை விட்டுக்கூட அனுப்பவில்லை. இவனாகத்தான் வீட்டுக்கு வந்து படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார். விழுங்குவான், மறுபடி படுப்பான். "என் கை பட்டா எதுவும் தப்பாத்தான் வரும் அக்கா" என்பான். கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரி சொல்வான்.

கீழ்வீட்டுக்காரர் வீடு மாறும்போது ஒரு கண்ணாடித் தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். மீன் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. நாலைந்து நீர்ச்செடி மட்டும் மிச்சம். வைக்க வேறு இடமில்லாமல் தம்பியின் அறையில் வைத்தேன். பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவன், பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து, "இந்த இலையெல்லாம் மஞ்சளாகுது" என்றான். நான் அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவனாக ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

பிறகு அவன் எதையெதையோ படித்தான். விளக்கு வரவழைத்தான். மண் மாற்றினான். கடைசியில் கேட்டான்.

"செடிக்கு கேஸ் வேணும் அக்கா. சிலிண்டர்ல வருமே, அது."

"எந்த கேஸ்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"உன் கேஸ்தான்."

வேண்டாம் என்றால் மறுபடி படுத்துவிடுவான். சரி என்றால் அந்த வாயு அவன் தூங்குகிற அறையில். அறை என்று சொல்வதே அதிகம். முன்பு சாமான் போட்டுவைத்த இடம். வெளிச்சம் ஆகாது என்று ஒற்றை ஜன்னலையும் அடைத்துத் தடித்த திரை போட்டிருந்தான். தெருச் சத்தம் வரக்கூடாது என்று கதவின் அடியில் ரப்பர் பட்டை வேறு. தரையில் மெத்தை, பக்கத்தில் தொட்டி. நான் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். துவைத்ததையே துவைத்தேன். மூன்றாம் நாள், "சரி, ஆனா நான் பக்கத்துல நிப்பேன்" என்றேன்.

சிலிண்டர் ஐந்து கிலோ. அவன் மாட்டிய விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. சிலிண்டரை நேராக நிறுத்தி, மேசைக் காலோடு இரண்டு பட்டை போட்டுக் கட்டினான். அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கூட வந்த தாளை முதல் வரியிலிருந்து வாசித்தான்.

"வாஷர் எங்கடா?" என்றேன்.

"வேணாம். இதுக்குள்ளயே ரப்பர் வளையம் இருக்கு. தனியா வாஷர் போடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"போடக்கூடாதுன்னா?"

"போட்டா வளையம் சரியா உக்காராது. கசியும்."

"இருபத்திரண்டு வருஷமா வாஷர் இல்லாம ஒரு சிலிண்டர் மாட்டினது இல்ல நான்."

"அது வேற மாதிரி ரெகுலேட்டர் அக்கா."

 என் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அவன் நட்டை முறுக்கினான். குமிழிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சின்ன வால்வை முழுக்க மூடினான். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சிலிண்டரின் தலைவால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தான். ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டுகிற முள் எழுந்து நின்றது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிவிட்டுக் குனிந்து பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.

மறுபடி தடவினான். அப்போதும் இல்லை. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி ஏறாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு வைத்தான். பிறகு சின்ன வால்வைத் திறந்து, விநாடிக்கு ஒரு குமிழி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்தான்.

தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு தொங்கியது. அதில் நீல நிறத் திரவம். தண்ணீரில் வாயு போதுமான அளவு கலந்தால் பச்சையாகும், மிஞ்சினால் மஞ்சளாகும் என்றான். நான் பார்த்தேன். நீலம். போய் அரிசி களைந்துவிட்டு வந்தேன். நீலம். துணி மடித்துவிட்டு வந்தேன்.

"இன்னும் நீலமாத்தான் இருக்கு. கொஞ்சம் கூட்டி வை."

"ரெண்டு மணி நேரம் ஆகும் அக்கா. அவசரப்பட்டுக் கூட்டினா அப்புறம் எகிறிடும்."

"ரெண்டு மணி நேரம் இங்கயே உக்காந்திருக்கப் போறியா?"

"வேற என்ன வேல எனக்கு?"

சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். இரண்டு மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவனிடம் காட்டாமல், "சரி, சாப்பிட வா" என்றேன்.

மறுநாள் அவன் சட்டை மாற்றிக்கொண்டு செடி வாங்கக் கிளம்பினான், தனியாக. இரண்டு வருடத்தில் முதல் தடவை. பால்கனியில் நின்று அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லையே. நேரே அவன் அறைக்குப் போனேன்.

வாஷர் இல்லாத அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாளில் போட்டிருந்ததை அவன் வாசித்தது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் தாள் எழுதியவனா இந்த அறையில் படுக்கப்போகிறான்? ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? என்னிடம் ஒரு தகர டப்பா நிறைய வாஷர் உண்டு. தலைவால்வை மூடினேன். உள்ளே இருந்த அழுத்தத்தை வெளியேற்றினேன். நட்டைக் கழற்றி, புது வாஷர் ஒன்றை வைத்து, என் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். தலைவால்வைத் திறந்தேன். சோப்புத் தண்ணீரை எடுக்கத் திரும்பியபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஈரத் தாளில் சுற்றிய செடிகளோடு உள்ளே வந்தவன் முகத்தைப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது, வழியில் பார்த்தது என்று மூச்சு விடாமல் பேசினான். அந்த நேரத்தில் போய், நீ மாட்டியதை நம்பாமல் கழற்றி மாட்டினேன் என்று எப்படிச் சொல்வது? அவன் குளிக்கப் போகும்போது சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் குளிக்கவே போகவில்லை. பொழுது சாயும்வரை தொட்டிக்குள் கையை விட்டுச் செடி நட்டுக்கொண்டிருந்தான். நான் ஆறு தடவை எட்டிப் பார்த்தேன். முள் நிற்கிற இடத்தில் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் சோதிக்காமல் விட்ட ஒரே இணைப்பு அது.

அடுத்த நாள் காலை எட்டு மணி வரை அவன் எழவில்லை. கதவைத் தட்டினேன். "தலவலி" என்றான். நேற்று வெயிலில் நடந்ததுதான் என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். பகலெல்லாம் அறைக்குள்ளேயே இருந்தான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரம் எனக்கு விடுமுறை வேறு, போக்கிடமும் இல்லை. கூடத்தில் நடந்து நடந்து தரை தேய்ந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் ஒன்பதரை ஆகியும் சத்தமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எழுந்திருடா."

"முடியல அக்கா. விட்டுடு."

இரண்டு வருடமாகக் கேட்ட அதே வார்த்தை. எனக்குள் என்னவோ அறுந்தது. செடி, பச்சை, சிரிப்பு எல்லாம் மூன்று நாள் கூத்து, அவ்வளவுதான் என்று தோன்றியது. மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆரம்பிச்சிட்டியா என்றேன். இன்னும் எத்தன வருஷம் உன்ன நான் தூக்கிச் சுமக்கணும் என்றேன். அதற்கு மேலும் சொன்னேன், எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.  அவன் வேகவேகமாக மூச்சு வாங்கினான்.

எனக்கும் வாங்கியது. கோபம் என்று நினைத்தேன். பொட்டு இரண்டும் தெறித்தன. அதையும் கோபம் என்றே நினைத்தேன். நெஞ்சு படபடத்தது. அப்போதுதான் உறைத்தது. இது கோபம் இல்லை. இந்தத் தலைவலியை எனக்குத் தெரியும்.

முள்ளைப் பார்த்தேன். அசையாமல் அதே இடத்தில் நின்றது. நிற்கும். சிலிண்டருக்குள் திரவமாக ஒரு சொட்டு இருக்கிறவரை அந்த முள் இறங்காது, எடை போட்டால்தான் குறைந்தது தெரியும். எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

எழுந்து கதவை விரியத் திறந்தேன். அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், வரவில்லை. மெத்தையோடு சேர்த்துக் கூடத்துக்கு இழுத்தேன். எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. பால்கனிக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்த் தலைவால்வை மூடினேன். திரையைக் கிழித்து ஜன்னலைத் தள்ளினேன். திரும்பி வந்தபோது அவன் பால்கனிவரை தவழ்ந்துபோய், தரையில் கவிழ்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு மணி நேரம் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார். பிழைத்தாய் என்றார். "யார் அந்த சிலிண்டரை மாட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றான் தம்பி. "என் தப்பு. எங்கயோ சரியா முறுக்காம விட்டிருப்பேன்."

மழை பெய்கிறது என்கிற மாதிரி சொன்னான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். "தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கூடத்து நாற்காலியில் சாய்ந்தான். "அதையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லு அக்கா. தொட்டியையும்தான்" என்றான். பிறகு, "நான் உனக்கு அப்பவே சொன்னேன்ல, என் கை பட்டா இப்படித்தான்" என்றான்.

நான் அறைக்குள் போய் ஸ்பேனரை எடுத்தேன். நட்டைக் கழற்றி, வாஷரை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டால் முடிந்தது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சிலிண்டர் வீட்டைவிட்டுப் போகும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். அவன் மட்டும் படுப்பான். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டான். என் தம்பியைக் கொல்லப் பார்த்தது போதாதென்று பழியையும் அவன் தலையில் ஏற்றிவிட்டு, அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடப்போகிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இங்க வா" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் அக்கா."

"வான்னா வா. எங்க கசிஞ்சதுன்னு பாக்காம விடக்கூடாது."

வந்தான். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து கிடந்தன. "தலவால்வ கொஞ்சம் திற, சோப்புத் தண்ணி தடவு" என்றேன். தடவினான். பெரிய நட்டைச் சுற்றி நுரை பொங்கியது. அவன் முகம் செத்தது. "பாத்தியா" என்றான். "சரியா முறுக்கல."

"மூடிட்டுக் கழட்டு."

அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றினான். உள்ளே ஒரு பக்கமாக நசுங்கி, வளையத்தைத் தள்ளிக்கொண்டிருந்த வாஷர் அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். 

"இத நான் போடல" என்றான்.

"நான் போட்டேன்."

"எப்போ?"

"நீ செடி வாங்கப் போனப்போ."

"போடக்கூடாதுன்னு படிச்சேன்ல. நீ நின்னுட்டுத்தானே இருந்த."

"கேட்டேன். மனசு கேக்கல."

"சோப்பு தடவிப் பாத்தியா?"

"இல்ல. நீ வந்துட்ட."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் வாஷரை மேசைமேல் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான். இரண்டு வருடத்தில் அவன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"நான் மாட்டினது சரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

"சரியாத்தான் இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னப்போ நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த."

நான் மேசைமேல் கிடந்த வாஷரைப் பார்த்தேன்.

"காலைலேர்ந்து நான் என்ன நெனச்சுட்டு இருந்தேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சும் தண்ணி கேட்ட."

 மன்னித்துவிடு என்றேன். அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கதவைக் காட்டினான். "வெளிய போ. என் ரூம்ல எதையும் தொடாத" என்றான். போனேன்.

மறுநாள் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்து, டாக்டரிடம் அது என் தப்பு என்று சொன்னேன். "ஆள் நல்லா இருக்காரா? அப்புறம் என்ன? அடுத்தவங்களக் கூப்பிடுங்க" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்து தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிலிண்டரைக் காற்றோட்டமான பால்கனிப் பக்கம் நிழலில் நிறுத்திக் கட்டி, சுவரில் துளை போட்டுக் குழாயை மட்டும் அறைக்குள் கொண்டு போய்க்கொண்டிருந்தான். ஜன்னலை அவன் மறுபடி அடைக்கவில்லை. நட்டை முறுக்கியபோது நான் கூடத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். சோப்புத் தண்ணீர் தடவினான். இன்னொரு தடவை என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

இன்றோடு பத்தொன்பது நாள். அவன் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் குரலைக் கேட்காமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. நேற்று மேசைமேல் அளவுகோலும் ஒரு பெரிய தாளும் விரிந்து கிடந்தன. நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, நான் எழுப்பாமலேயே, அவன் எழுந்துவிடுகிறான்.